என் பாடகர் குழுவும் சித்தி மகளின் கைகளும்

என் சித்தி மகளைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்கு வயிறு எரியும். இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? ஐம்பத்திரண்டு வயதாகிறது, இனிமேலாவது உள்ளதைச் சொல்லிவிடலாம். அவள் என்னைவிட ஒரு வயது இளையவள். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே சர்ச், ஒரே ஆர்கன். சிவகாசியில் எங்கள் சர்ச்சில் பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு பழைய ஆர்கன் இருக்கிறது. இரண்டு காலாலும் மிதித்துக் காற்று ஏற்றினால்தான் அதில் சத்தம் வரும். அதில்தான் நாங்கள் இருவரும் படித்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு யார் வாசிப்பது என்று சடையைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டிருக்கிறோம்.

ஒரே நாளில் மதுரைக்குப் போய் ஆர்கன் பரீட்சையும் எழுதினோம். எனக்கு அவளைவிட ஆறு மார்க் கூட. ஆறு! மேலே படிக்கச் சென்னைக்குப் போகலாம் என்றார்கள். "பொட்டப்புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்ப முடியாது" என்று என் அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். சித்தப்பா தன் மகளை ரயிலேற்றிவிட்டார். அவள் சென்னை போனாள், அங்கிருந்து ஜெர்மனி போனாள். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கப் போனேன். அமாவாசையும் பௌர்ணமியும் சரியான கட்டத்தில் விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. இன்றைக்கும் அதுதான்.

அங்கே அவள் என்னதான் செய்கிறாள் என்பது ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய சர்ச் பாட்டுகளைத் தேடி எடுத்து, அந்தக் காலத்தில் எப்படிப் பாடியிருப்பார்களோ அப்படிப் பாடவைக்கிறாள். ஒரு சின்ன சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறாள், இருபது பேர் கொண்ட குழுவை நடத்துகிறாள், ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிறாள். "எம் மக அங்கன கண்டக்டரா இருக்கா" என்று சித்தி பெருமையாகச் சொல்லுவாள். கேட்டவர்கள் "எந்த ரூட்டு?" என்பார்கள். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு இனிக்கும் தெரியுமா? இரண்டு நாளைக்கு அதை நினைத்து நினைத்துச் சிரிப்பேன்.

ஆனால் எனக்கு விளங்கியது. அதுதான் கஷ்டம். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு அவளுடைய வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்ப்பேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்ப்பேன். ஒரு குறையும் கிடைக்காது, சாப்பாடுதான் ஆறிப்போகும். ஒத்திகை பார்க்கும் வீடியோக்களில் அவள் கையில் ஒரு பென்சில் மட்டும் இருக்கும். பாட்டை நிறுத்த ஸ்டாண்டில் அதைத் தட்டுவாள், அவ்வளவுதான். கச்சேரியில் அப்படியில்லை. கடைசிப் பாட்டின் கடைசிச் சுரத்தில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, உள்ளங்கைகளைக் குழுவைப் பார்த்து விரித்து அப்படியே நிறுத்துவாள். சுரம் அடங்கிய பிறகும் கையை இறக்கமாட்டாள். அத்தனை பெரிய கட்டிடத்தில் ஒருவர் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. அப்புறம் இறக்குவாள், கைதட்டல் வரும். ஒரு கச்சேரியிலும் இது தப்பியதில்லை.

எனக்கென்று இருந்தது பதினான்கு பேர். எங்கள் சர்ச்சின் பாடகர் குழு. இரண்டு டீச்சர்களைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். மருந்து அடைப்பவர்கள், திரி வைப்பவர்கள், சக்கரம் சுற்றுபவர்கள். சாயங்காலம் கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நேராக ஒத்திகைக்கு வருவார்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி மினுங்கும். கோட்டில் எழுதிய இசை அவர்களுக்குத் தெரியாது. டோ ரே மீ என்று எழுத்தாக எழுதிக் கொடுத்தால் நாலு குரலும் பிசகாமல் பிடித்துக்கொள்வார்கள். கல்யாணம் ஆகி, கட்டினவர் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் கோயம்புத்தூரில் குடியேறி, எல்லாம் ஆன பிறகும் என்னிடம் மிஞ்சியது அந்தப் பதினான்கு குரல்தான்.

நான் பொறுப்பேற்ற முதல் வருஷம் ஒரு கூத்து நடந்தது. டெனர் குரல் பாடும் ஆண்கள் கத்திக்கொண்டு தாளத்தை முந்தி ஓடினார்கள் என்று, வாசிப்பதை விட்டுவிட்டு "நிறுத்துங்க" என்பதுபோல இரண்டு கையையும் விரித்துத் தூக்கினேன். டக்கென்று பாட்டு நின்றது. எல்லோரும் கையிலிருந்த புத்தகத்தைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார்கள். காலைத் தேய்க்காமல், ஓடாமல், வரிசையாகப் பக்கத்து வாசல் வழியே வெளியே போய்விட்டார்கள். நான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வேலை பார்க்கும் ஷெட்டுகளில் ஃபோர்மேன் அப்படிக் கையைத் தூக்கினால் ஆபத்து என்று அர்த்தம். கையிலிருப்பதை வைத்துவிட்டு வெளியே நடக்க வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. வெளியே மரத்தடியில் தலையை எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாகும்வரை அங்கேயே நிற்க வேண்டும், ஒருவரும் திரும்ப உள்ளே போகக்கூடாது. அன்றைக்கு வேப்பமரத்தடியில் எண்ணி முடித்த பிறகுதான் அவர்களுக்கே சிரிப்பு வந்தது.

பெண்களில் கீழ்க்குரலான ஆல்ட்டோவில் பாடும், திரி வைக்கும் வேலை பார்க்கும் ஒருத்தி அப்போது என்னிடம் வந்து சொன்னாள். "அக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தக் கைய மட்டும் எங்க முன்னால தூக்காதீக. எங்களுக்குக் காலு தானா எந்திரிச்சிருது." நான் சரியென்றேன். அன்றிலிருந்து தலையை ஆட்டித்தான் குழுவை நடத்துகிறேன். கைகள் ஆர்கன் கட்டைமேல் இருக்கும், கால்கள் மிதித்துக்கொண்டிருக்கும். என் பின்னந்தலை எப்போது அசையும் என்று பதினான்கு பேரும் பார்த்துக்கொண்டே பாடுவார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழகிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்குச் சித்தி மகள் ஒரு மாத லீவில் வந்தாள். போதகர் விடுவாரா? கேரல் ஆராதனையை நீங்கள்தான் நடத்தித் தரவேண்டும் என்று வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பாவம், ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீ சரின்னு சொன்னாத்தான் செய்வேன்." இதற்கு யார்தான் மாட்டேன் என்று சொல்ல முடியும்? அவள் கொண்டுவந்த லத்தீன் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி, கோட்டிலிருந்த இசையை டோ ரே மீயாக மாற்றி, பதினான்கு பிரதி எடுத்துக் கொடுத்ததும் நான்தான். "அக்கா இல்லாட்டி நான் என்ன பண்ணியிருப்பேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஒத்திகையில் அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. "குரலை ஆட்டாதீங்க. நேரா விடுங்க. பக்கத்துல நிக்கிறவங்க குரலைக் கேட்டுக்கிட்டே பாடுங்க" என்றாள். பென்சிலை வைத்து லேசாகத் தட்டினாள். மூன்றாம் நாள் அந்தப் பதினான்கு பேரிடமிருந்தும் ஒரு சத்தம் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லை. ஆல்ட்டோக்காரி கண் கலங்கி என்னைப் பார்த்தாள். "அக்கா, நம்ம கொரலாக்கா இது? இம்புட்டு நாளு இது எங்கன இருந்துச்சு?" எங்கே இருந்தது? எனக்குக் கொண்டுவரத் தெரியவில்லை, அதனால் அங்கேயே கிடந்தது. அடிப்பாவி, அதை என்னிடமே கேட்கிறாளே என்று அன்றைக்கு வீடுவரை முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

சர்ச் கமிட்டியில் ஒருவர் வந்து நின்று பாட்டைக் கேட்டார். "இந்த மாதிரி வருஷா வருஷம் தங்கச்சிய வரச் சொல்லிருவோம்" என்றார். கடைசிப் பாட்டுக்கு ஆர்கனே வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று அவள் முடிவு செய்தாள். அந்தப் பாட்டு நடக்கும்போது நான் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். என் குழு என் கண்ணெதிரே கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்க என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அவள் கச்சேரியில் கடைசியாகக் கையைத் தூக்குவாள் என்பதும், தூக்கினால் என்ன நடக்கும் என்பதும் சேர்த்துத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

ஆராதனைக்கு நாலு நாள் இருக்கும்போது பக்கத்து ஊரில் ஒரு ஷெட் வெடித்தது. சத்தம் எங்கள் காலண்டர் கம்பெனி வரைக்கும் கேட்டது. அன்றைய ஒத்திகையில் ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை. இருந்தும் பாடினார்கள். முடிந்து டீ குடிக்கும்போது சித்தி மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இவங்க பயந்து போயிருக்காங்க. நான் எதையாச்சும் கவனிச்சு நடந்துக்கணுமா? உனக்குத்தானே இவங்களைத் தெரியும்."

வாய்வரை வந்தது. சத்தியமாக வந்தது. டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல. எல்லாம் நல்ல புள்ளைக. நீ பாட்டுக்கு நடத்து" என்று சொல்லிவிட்டேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

ஆராதனை அன்று சாயங்காலம் சர்ச் நிறைந்து வழிந்தது. சித்தி பட்டுச்சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதல் ஆறு பாட்டுக்கும் நான் வாசித்தேன், ஒழுங்காகவே வாசித்தேன். கடைசிப் பாட்டு வந்ததும் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்கள் பாடியது அவ்வளவு அழகாக இருந்தது. எல்லாம் நல்லபடியாக முடியட்டும் என்று அந்தக் கடைசி வரியில் ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். சித்தி மகளின் கை மேலே போனது. உள்ளங்கைகள் விரிந்தன.

பாட்டு நின்றது. பதினான்கு புத்தகங்களும் தரைக்குப் போயின. ஒரு செருப்புச் சத்தமில்லை. அவர்கள் வரிசையாகப் பக்கத்து வாசலைப் பார்த்து நடந்தார்கள். சபையிலும் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள்தானே, அவர்களும் எழுந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் சர்ச் காலியாகிவிட்டது. யாரோ சித்தியையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விட்டார்கள். சித்தி மகள் தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, என்னாச்சு? நான் என்ன பண்ணேன்?" என்றாள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பக்கத்து வாசலில் ஆல்ட்டோக்காரி ஓடிவந்தாள். ஓடக்கூடாது, திரும்ப உள்ளே வரவும் கூடாது. இரண்டையும் மீறி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிங்கக்கா! வெளிய எண்ணுனோம், ஒங்களக் காணோம். ஏன் ஒக்காந்திருக்கீக? காலுக்கு என்னமும் ஆயிப்போச்சா?" என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "ஒண்ணும் ஆகல. ஆபத்தெல்லாம் கிடையாது. இவ கையத் தூக்குவான்னு எனக்கு முன்னாடியே தெரியும். வேணும்னேதான் சொல்லல" என்றேன்.

சித்தி மகள் தூக்கிய கையை இறக்கிவிட்டு என்னையே பார்த்தாள். ஆல்ட்டோக்காரி என் கையை மெதுவாக விட்டாள். உள்ளே வரும்போது செத்தாலும் பரவாயில்லை என்று வந்தவள் அவள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, வெளிய வாங்க. எண்ணிக்கை முடியாம ஒருத்தரும் அசைய மாட்டாக" என்றாள்.

வெளியே வேப்பமரத்தடியில் எல்லோரும் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் "அப்பாடா, அக்கா வந்துட்டாக" என்று யாரோ சொன்னார்கள். ஆல்ட்டோக்காரி எண்ணினாள். நான் பதினைந்து. தள்ளி நின்ற சித்தி மகளையும் பக்கத்தில் இழுத்து நிறுத்தி "பதினாறு" என்றாள். அந்தக் கேவலத்திலும் அந்தப் பதினாறு எனக்கு உறுத்தியது, பாருங்களேன்.

சித்தி மகள் மறுவாரமே கிளம்பிவிட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆல்ட்டோக்காரியும் சொல்லவில்லை. அதனால் குழு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் பதினான்கு பேரும் வருகிறார்கள், நான் மிதிக்கிறேன், தலையை ஆட்டுகிறேன். ஆர்கனுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கிறேன், அதில் அவர்கள் முகம் தெரியும். பதின்மூன்று பேர் என் தலையைப் பார்க்கிறார்கள். ஆல்ட்டோவில் ஒருத்தி மட்டும் புத்தகத்தைப் பார்த்தே பாடுகிறாள். ஓர் இடத்தில்கூடப் பிசகாமல் பாடுகிறாள்.