மரம் வராத நாடு

கல்முனை மரக்காலை ஒன்றில் மரம் அளப்பவர் அவர்; அங்கே எல்லாருக்கும் 'காக்கா', அண்ணன். யன்னல் நிலைக்குப் பலகை வாங்கப் போனபோது சந்தித்தேன். வெள்ளைத் தொப்பி, காதில் செருகிய வெண்கட்டி. எந்தப் பலகையையும் ஈரவிரலால் தேய்த்து முகர்ந்த பிறகுதான் அளப்பார். அளந்ததும் அந்த வெண்கட்டியால் அது எந்த நாட்டு மரம் என்று அதன்மேல் எழுதுவார்.

"இது பைன். வளையம் எவ்வளவு நெருக்கம் பாருங்க தம்பி. உலகத்துக்கு மேல்பக்கம் பனிக்காடு, மரம் வளரக் கோடை கொஞ்ச நாள்தான். இது மலேசியா. வருசம் பூரா மழை, வளையமே தெரியாது."

"ரெண்டு காட்டுக்கும் நடுவுல என்ன காக்கா?"

பலகையைக் கீழே வைத்தார். "கன இடத்தில மணல்தான். அங்கயிருந்து ஒரு பலகையும் வாறல்ல. என்ட மகன் அங்கதான், அரபு நாட்டில வேலைக்கு இரிக்கான்."

சுவரோரம் நன்றாக இழைத்த இரண்டு கட்டைகள் சாய்ந்திருந்தன. அவற்றில் மட்டும் நாடு எழுதியிருக்கவில்லை.

"இது எந்தக் காடு?"

"என்ட வளவு வேம்பு. எனக்கு மீசான் கட்டை."

கபுறின், புதைகுழியின், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுகிற கட்டைகள்.

"மகன் பிளேன் ஏறி வாற மட்டும் என்ட ஜனாஸாவ அடக்காம வச்சிருப்பாங்களா? பிறகு வந்தான் எண்டா, வீட்டு மரத்தையாவது தொட்டுப் பார்ப்பான்."

யன்னல் பொருத்தி இரண்டு வருடமாகிறது. கபுறுகள் இருக்கும் மையவாடியைக் கடக்கும்போதெல்லாம் வேப்பங்கட்டை தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரியாதவரை, அவர் இன்னும் தனியாகப் பலகை முகர்ந்துகொண்டிருக்கிறார்.