ஒரு சாண் ஆழம்

அவளுடைய நிஜப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. டெய்லரக்கா என்றால் தபால்காரருக்கே போதும். வீட்டின் முன்னறைதான் கடை: இரண்டு தையல் மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, டப்பா நிறைய ஜோடி சேராத பட்டன்கள். கணவருக்கு வேலை அயர்ன் பண்ணுவதும், வந்தவர்களோடு ஊர்க்கதை பேசுவதும்.

அந்த வருஷம் தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த அச்சகக் கட்டடத்துக்குப் புதுசாக ஒரு கூட்டம் குடிவந்தது. இருபத்து மூன்று பேர். புது வழிபாடு, புதுக் கொள்கை என்று ஏதோ. வாரத்தில் மூன்று நாள் வாயே திறக்க மாட்டார்கள். வாய் திறக்காமல் என்ன திட்டம் போடுகிறார்கள் என்று தெரு முழுக்க ஓயாமல் பேசியது. ஒருநாள் எல்லோரும் சேர்ந்து விஷம் குடிக்கப் போகிறார்கள் என்றார் ஒருவர். அவர்கள் ஏன் குடிக்கிறார்கள், நமக்குத்தான் கொடுப்பார்கள் என்றார் இன்னொருவர்.

அந்தக் கூட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒருநாள் கடைக்கு வந்து இருபத்து மூன்று சாம்பல்நிற அங்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் நெஞ்சுக்கு நேராக உள்பக்கம் ஒரு பாக்கெட் வேண்டுமாம்.

"உள்ளே எதுக்கு சார் பாக்கெட்?"

"மூக்குக்கண்ணாடி வைக்கத்தாம்மா. கழட்டி எங்கேயாவது வச்சிடறாங்க, அப்புறம் அது மேலயே உக்காந்துடறாங்க. இந்த மாசம் மட்டும் ஆறு உடைஞ்சிருச்சு."

அளவெடுக்க அவளே அங்கே போனாள். அன்றைக்கு மௌன நாள். குழாயை மூடாமல் விட்டது யார் என்று இரண்டு பேர் கைஜாடையிலேயே ஆவேசமாகச் சண்டை போட்டார்கள். அவள் அங்கே பார்த்த வன்முறை அவ்வளவுதான்.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் தைக்கக் கொடுத்திருந்த பேன்ட்டை வாங்க வந்தார். மேஜைமேல் கிடந்த அங்கியைத் திருப்பிப் பார்த்தார்.

"பாக்கெட் எவ்வளவு ஆழம்?"

"ஒரு சாண் இருக்கும்ணே. கண்ணாடி வைக்க."

"ஒரு சாண் ஆழத்துல கண்ணாடியா? அக்கா, நீங்க வெள்ளந்தி."

சாயங்காலத்துக்குள் கண்ணாடி கத்தியாகிவிட்டது. இரண்டே நாளில் டிவிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவள் பத்து நிமிஷம் பொறுமையாக எல்லாம் சொன்னாள்: வெள்ளெழுத்து, உடைந்த கண்ணாடி, குழாய்ச் சண்டை. ஒளிபரப்பானது நான்கே வார்த்தை: "ஆமா, ஒரு சாண் ஆழம்." பின்னணியில் மத்தள அடி.

கோபமாகத்தான் இருந்தது. ஆனால் கடையில் என்றுமில்லாத கூட்டம். வெளியூரிலிருந்து தங்கை போன் பண்ணினாள். "அக்கா, டிவியில லட்சணமா இருந்தே. என்ன, கொஞ்சம் சுருக்கமாப் பேசிட்டே."

டிவிக்காரர்கள் மறுபடி வந்தபோது அவள் தலைவாரிப் பவுடர் பூசித் தயாராக இருந்தாள். விரிவாகவும் பேசினாள். "அதுல ஒரு பெரியவர், அளவெடுக்கும்போது கண்ணிமைக்காம என்னையே பாத்தாரு. எனக்கு உள்ளுக்குள்ள திக்குன்னுச்சு."

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அது அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெரு திரண்டது. மருந்துக்கடைக்காரர் நாற்காலிமேல் ஏறி நின்றார். "வன்முறை நம்ம தெருவுக்குள்ள நுழையவே கூடாது. அதுக்குத்தான் போறோம். ஆளுக்கு ஒரு கட்டை எடுத்துக்குங்க!"

அரைமணி நேரத்தில் அச்சகத்தின் ஒரு ஜன்னல்கூட மிஞ்சவில்லை. எல்லோரும் ஓடி ஒளிந்தார்கள். புரைக்கண் பெரியவருக்கு எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியவில்லை. கல் எறிந்தவர்களை நோக்கியே ஓடி வந்தார். நெற்றியில் ஏழு தையல்.

போலீஸ் வந்ததும் தெரு கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வீடு திரும்பியது. மத்தியானச் செய்தியில் அந்தக் குவியலைக் காட்டினார்கள்: "மர்மக் கூட்டத்தின் வாசலில் ஆயுதங்கள்!" டெய்லரக்கா சோற்றில் கைவைத்தபடி பார்த்தாள். கம்பிகளுக்கும் கட்டைகளுக்கும் நடுவே, பித்தளைப் பூண் போட்ட அவளுடைய அளவுகோல்.

கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் கிளம்பினாங்க," என்றார் அவர். "வெறுங்கையோட போனா நல்லாயிருக்காதேன்னு..."

பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவி, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"சார், அந்தக் குவியல் எங்க தெருவோடது. அந்த அளவுகோல் என்னோடது. கொண்டுபோனது என் வீட்டுக்காரர். அந்தப் பெரியவரைப் பத்தி நான் டிவியில சொன்னது பொய். எழுதிக்கங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "இதெல்லாம் இப்ப எதுக்கும்மா? அந்தக் கூட்டத்து மேல கேஸ் நல்லாப் போயிட்டிருக்கு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் அலுத்துப்போய் எழுதிக்கொண்டார். கணவரும் மருந்துக்கடைக்காரரும் இன்னும் ஒன்பது பேரும் இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார்கள். வந்தபிறகு கணவர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. தெருவில் அவளுக்கு ஒரு பட்டன் வேலைகூட வரவில்லை. டிவிக்காரர்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

அங்கிகளை வாங்க வாத்தியார் தனியாக வந்தார். அவள் கூலி வாங்க மறுத்து, எழுந்து நின்றாள்.

"சார், அன்னிக்கு நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். பெரியவர்கிட்ட சொல்லுங்க. தப்பு என்மேலதான்."

அன்றைக்கும் மௌன நாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், தலையை ஒருமுறை அசைத்தார், பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். மறுவாரம் லாரி வந்தது, கட்டடம் காலியானது. அந்தத் தலையசைப்பில் வாத்தியார் மன்னித்தேன் என்றாரா, போதும் நிறுத்து என்றாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.