சிவப்பு முக்கோணம்

கட்டாரில் வேலை செய்யும் என் கணவர் அந்தக் காரை வாங்கியது எனக்காகத்தான். நுரைச்சோலையில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து கற்பிட்டிப் பக்கம் நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு அதுவரை ஒரு பழைய சின்னக் காரில் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருமுறை அதன் சைலன்சர் நடுறோட்டில் கழன்று விழுந்தது. பாலாவிச் சந்திக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருப்பவர் வந்து, குனிந்து பார்த்து, கம்பியால் கட்டிவிட்டார். அந்தக் கம்பியோடு அது இரண்டு வருடம் ஓடியது. விடுமுறையில் வந்த கணவர் அதைப் பார்த்துவிட்டு, "இனி நீ கம்பி கட்டின கார்ல போகத் தேவல்ல" என்று சொல்லி, பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுகிற, ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கித் தந்தார்.

முதல் நாள் பொத்தானை அழுத்திவிட்டு, ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து நாலைந்து தடவை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. கால் பட்டதும் அது தன்பாட்டில் நகர, பயந்து பிரேக் அடித்தேன். திரையில் இருந்த எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. போதாக்குறைக்கு, ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கிளப்பியதும் ஒரு பெண்குரல் மிகவும் மரியாதையாக ஏதோ சொல்லும். என்னோடு இருக்கிற உம்மா பக்கத்தில் ஏறினால், "ஓம் மகள், ஓம்" என்று அந்தக் குரலுக்குப் பதில் சொல்வார்.

ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இடையில் கணவர் மறுபடியும் விடுமுறையில் வந்து, காரை ஆசைதீர ஓட்டிவிட்டுப் போனார். அவர் போய் இரண்டு மாதமிருக்கும். ஒருநாள் காலை பாடசாலைக்குப் போகிற வழியில் திரையில் ஒரு சிவப்பு முக்கோணம் வந்தது. அதற்குள் ஆச்சரியக்குறி. கீழே ஒரு வரி ஜப்பான் எழுத்து. கார் வேகம் குறைந்து, களைத்த மாடு மாதிரிப் போய் ஓரத்தில் நின்றது.

படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். உடனே வீடியோவில் வந்தார்.

"என்ன கலர்?"

"படத்துல தெரியல்லயா? சிவப்பு."

"சிவப்பெண்டா ஓட்டாத. ஓஃப் பண்ணிட்டு கொஞ்சம் இருந்துட்டு ஓன் பண்ணிப் பாரு."

அப்படியே செய்தேன். முக்கோணம் போய்விட்டது. அவர் அங்கே ஏதோ ஒரு செயலியில் படத்தைப் போட்டு மொழிபெயர்த்து, ஹைபிரிட் அமைப்பைச் சோதிக்கவும் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். எந்தப் பகுதியை, யார் சோதிப்பது என்று அதில் இல்லை.

மூன்றாம் தடவை முக்கோணம் வந்தபோது பாலாவிக்குக் கொண்டுபோனேன். கராஜ்காரருக்கு என் வயதிருக்கும். யுத்தக் காலத்தில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பழைய கார் வாசலுக்கு வரும்போதே சத்தத்தைக் கேட்டு, "பெல்ற் தேஞ்சிட்டுது ரீச்சர்" என்று சொல்லிவிடுவார். இந்தக் காரின் பொனட்டைத் திறந்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் இன்னொரு மூடி. அதற்கு அடியில் செம்மஞ்சள் நிறத்தில் தடித்த வயர்கள்.

"இந்த வயரைத் தொடக்கூடாது ரீச்சர், ஆளை முடிச்சிடும்" என்றார். "ஸ்கான் பண்ணிப் பாப்பம்."

ஸ்கான் பண்ணும் மெஷின் அவரிடம் இல்லை. புத்தளத்தில் ஒருவர் வைத்திருந்தார். அவர் ஒரு வயரைச் செருகிப் பார்த்துவிட்டு, எழுத்தும் இலக்கமுமாக ஒரு கோட் எழுதித் தந்தார். முழுப் பற்றரியையும் மாற்ற வேண்டும் என்றார். சிலாபத்தில் இன்னொருவர் வேறொரு கோட் எழுதித் தந்தார். பற்றரியில் பிழையில்லை, தண்ணீர் சுற்றும் பம்ப்தான் பிழை என்றார். கணவர் போனில் பம்பையே மாற்றச் சொன்னார். பாலாவிக்காரர் பம்பைத் தேடி எடுத்து மாற்றித் தந்தார். சரியாக எட்டு நாள். ஒன்பதாம் நாள் முக்கோணம் திரும்பி வந்தது.

பிறகு ஒரு ஃபேனைக் கழற்றித் துடைத்தார். அதுவும் சரிவரவில்லை. ஒரு சென்சரை மாற்றினார். அப்போதும் வந்தது. நான் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் பாடசாலைக்குப் போனேன். பிந்திப் போய், அதிபர் வாசலில் நிற்க, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போன நாட்கள் பல. கணவர் ஒவ்வொரு நாளும் ஒரே பல்லவியாகச் சொன்னார்: "அந்தாளுக்கு இந்தக் கார் தெரியாது. வேற ஆளப் பாரு."

ஒரு சனிக்கிழமை காலை. மறுபடியும் காரைக் கொண்டுபோய் கராஜ் வாசலில் நிறுத்தினேன். மீன் லொறிக்காரர் ஒருவரும் இன்னும் இரண்டு மூன்று பேரும் தங்கள் வேலைக்காகக் காத்திருந்தார்கள். கராஜ்காரர் வெளியே வந்து காரைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"எத்தின தரம் நான் வாரது? தெரியாட்டி தெரியாதெண்டு சொல்லுங்களேன். எங்கட கார வெச்சா நீங்க வேல படிக்கிறீங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையில் இருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"தெரியேல்ல ரீச்சர்," என்றார். "உண்மையாவே எனக்குத் தெரியேல்ல. முந்தியே சொல்லியிருக்க வேணும்."

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் நான் கேட்டது நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உம்மாவிடமும் சொன்னேன். உம்மா, "ஆக்களுக்கு முன்னால கேட்டிருக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

அதற்கு இரண்டு கிழமை கழித்து உம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கு சிலாபம் ஆஸ்பத்திரியில் நாள் கிடைத்திருந்தது. கண்ணில் வெள்ளை படர்ந்து, குர்ஆனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தும் எழுத்துத் தெரியாமல் போயிருந்தது. அந்த நாளுக்காகப் பல மாதம் காத்திருந்தோம். காலை எட்டு மணிக்கு முன் அங்கே நிற்க வேண்டும். அந்த இரண்டு கிழமையும் முக்கோணம் வரவில்லை. அந்தத் தைரியத்தில் விடியற்காலைச் சுபஹுத் தொழுகையை முடித்துவிட்டுக் காரிலேயே புறப்பட்டோம்.

முந்தல் தாண்டியதும் வந்தது. இந்த முறை வேகம் குறையக்கூட இல்லை. ஒரேயடியாக நின்றுவிட்டது. அணைத்தேன், பொறுத்தேன், மறுபடி அழுத்தினேன். ஒன்றும் இல்லை. அவ்வளவு நாளும் பேசிய அந்தக் குரலும் இல்லை. விடிந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சனம் நிரம்பி வழிய பஸ்கள் போயின. உம்மாவால் அதில் நின்றுகொண்டு போக முடியாது. கணவருக்கு எடுத்தேன். அங்கே இன்னும் விடியவில்லை, அவர் எடுக்கவில்லை. உம்மா முன் சீற்றில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, "பதறாத மகள்" என்றார். எனக்கு அழுகை வந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே மெக்கானிக்கின் இலக்கம்தான் போனில் இருந்தது. வெட்கத்தை விட்டு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எவடத்தை நிக்கிறியள்?"

"முந்தல் தாண்டி. உம்மாட கண் ஒப்பரேஷனுக்கு..."

"அதிலையே நில்லுங்கோ. தெரியாத ஆக்கள் கட்டி இழுக்க வந்தா விடாதேங்கோ. கயிறு மாட்டி இழுத்தா இந்தக் காருக்குக் கூடாது."

அரை மணித்தியாலத்துக்குள் தன் ஓட்டோவில் வந்து இறங்கினார். காரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே இருந்த கடைக்காரரிடம் சிங்களத்தில் பேசி, காரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு உம்மாவின் கையைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினார். "கார் எங்கையும் போகாது. முதல் ஆஸ்பத்திரி."

பத்துளு ஓயாப் பாலத்தைக் கடக்கும்போது அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"ரீச்சர், அண்டைக்கு நீங்கள் கேட்டதிலை பிழையில்லை. பழைய காரெண்டா நோகிற இடத்தை அதுவே காட்டும். இது எல்லா நோவுக்கும் ஒரே லைற்றைப் போடுது. மெஷின் வைச்சிருக்கிற ஆக்களும் அது சொல்லுறதை அப்பிடியே வாசிக்கினம், அவ்வளவுதான். நான் விடிய எழும்பி போனிலை சிங்கள வீடியோ பாக்கிறன். அதிலை அரைவாசி இங்கிலிஷ். நிப்பாட்டி நிப்பாட்டிக் கொப்பியிலை எழுதிப் பாக்கிறன்." கொஞ்சம் பொறுத்து, "காருக்குள்ளை பேசுற அந்தப் பொம்பிளை ஒவ்வொரு நாளும் என்ன சொல்லுறா எண்டு கண்டுபிடிச்சிட்டன்" என்றார்.

"என்ன சொல்றா?"

"ஹைவேக்குக் காசு கட்டுற கார்ட் இன்னும் போடேல்லையாம். ஜப்பானிலை போடுற கார்ட்."

உம்மா சிரிக்கத் தொடங்கினார். "அல்லாஹ்! நான் இவ்வளவு நாளும் ஓம் ஓமெண்டு சொன்னனே!" ஓட்டோ குலுங்கியது அவர் சிரிப்பிலா, ரோட்டின் குழியிலா என்று தெரியவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக நானும் சிரித்தேன்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு நம்பர் கிடைக்கும்வரை அவர் வாசலிலேயே நின்றார். எனக்குப் பணிஸும் தேத்தண்ணியும் வாங்கித் தந்துவிட்டுத்தான் காரை லொறியில் ஏற்றி எடுக்கப் போனார்.

உம்மாவின் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு நாள் கழித்து அவர் என்னைக் கராஜுக்கு வரச் சொன்னார். தனக்குத் தெரியாத வேலையைத் தனியே செய்யாமல், மாரவிலவிலிருந்து பற்றரி வேலை தெரிந்த ஒரு சிங்களக்காரரைக் கூப்பிட்டு வைத்திருந்தார். எங்கள் காரின் பெரிய பற்றரி பின் சீற்றுக்கு அடியில் இருக்கிறது என்பதையே நான் அன்றுதான் அறிந்தேன். தடித்த றப்பர் கையுறை போட்டுக்கொண்டு இருவரும் சீற்றைத் தூக்கினார்கள். மூடியைத் திறந்ததும் ஒரு நாற்றம் வந்தது. கருவாட்டு நாற்றம். உள்ளே வரிசையாக இருந்த செப்புத் தகடுகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குப் படர்ந்திருந்தது. பூஞ்சணம் பிடித்த பாண் மாதிரி.

"உப்பு," என்றார் அந்தச் சிங்களக்காரர் தமிழிலேயே.

பாலாவிக்காரர் என்னைப் பார்த்தார். "ரீச்சர், பின்னாலை மீன் ஏத்தினனீங்களோ?"

"நானா? மீன் பேக் கூட நான் கார்ல வெக்கிறல்ல!"

அந்தக் காட்சியை அப்படியே வீடியோவில் கணவருக்குக் காட்டினேன். "பாத்தீங்களா? ஆரோ மீன் தண்ணி ஊத்தி வித்த கார ஒங்கட தலைல கட்டிட்டானுவள்" என்றேன். திரையில் மனிதர் தெளிவாகத் தெரிந்தார். கண்ணை மட்டும் வேறு பக்கம் வைத்திருந்தார்.

"அது... நான் போன லீவுல கண்டக்குழில மீன் வாங்கி, கொழும்புல கூட்டாளிக்குக் கொண்டு போனனே. மீன் வெச்ச வெள்ள ரெஜிபோம் பெட்டி பின் சீற்றுல சரிஞ்சிட்டு. உப்புப் போட்ட ஐஸ் தண்ணி எல்லாம் ஊத்துண்டுட்டு."

"அப்ப?"

"பைப்ப வெச்சி நல்லாக் கழுவி காய வெச்சன். நீ ஏசுவாய் எண்டுதான் சொல்லல்ல."

சீற்றின் ஓரத்தில், பற்றரிக்குக் காற்றுப் போவதற்கு ஒரு சின்ன சாளரம் இருக்கிறது. உப்புத் தண்ணீரும், அதைக் கழுவிய பைப் தண்ணீரும் அதன் வழியாகத்தான் உள்ளே போயிருந்தன. பாலாவிக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கி, "அண்ணை, கவலைப்படாதேங்கோ. ஆருக்கும் தெரியாதுதானே உதுக்குள்ளை இப்பிடி ஒண்டு இருக்குதெண்டு" என்று என் கணவருக்கு ஆறுதல் சொன்னார். எத்தனை மாதமாக அவரைப் பற்றி "அந்தாளுக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு! நான் போனைத் திருப்பி வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அந்த இடத்திலேயே ஏசியிருப்பேன். வீட்டுக்குப் போய்த்தான் ஏசினேன், ஆற அமர.

தகடுகளை மாற்றி, வயர் முனைகளைச் சுரண்டித் துப்புரவாக்கி, பற்றரியில் கெட்டுப்போன இரண்டு துண்டுகளை மட்டும் மாற்றினார்கள். முழுப் பற்றரியும் தேவைப்படவில்லை. காரை எடுக்கப் போகும்போது வேண்டுமென்றே சனிக்கிழமை காலையில், ஆட்கள் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். அன்றைக்கு இருந்த அதே ஆட்கள் இல்லைதான். இருந்தாலும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"அண்டைக்கு நான் ஒங்கள இந்த இடத்துல வெச்சி ஏசினது பிழை. மன்னிச்சிக்கொள்ளுங்க. பிழை எங்கட வீட்டுல இருந்திரிக்கி."

அவருக்கு அது ஏசியதைவிடக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். காது சிவந்துவிட்டது. "விடுங்கோ ரீச்சர், விடுங்கோ" என்று ஸ்பனரை எடுத்துக்கொண்டு ஒரு லொறிக்கு அடியில் போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவர் வெளியே வரவில்லை.

அடுத்த விடுமுறைக்குக் கணவர் வந்தபோது, ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு பாலாவிக்குக் கூட்டிப் போனேன். கராஜுக்கு முன் காரை நிறுத்தியபின் அவர் இறங்காமல் சீற் பெல்ட்டைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். பாலாவிக்காரரே வந்து கதவைத் திறந்தார். "வாங்கோ அண்ணை, ஒண்டு காட்டவேணும்" என்று அவரைப் பின் சீற்றுக்குக் கூட்டிப்போய், அந்தச் சாளரத்தையும் அதற்குத் தான் பொருத்தியிருந்த மெல்லிய வலையையும் காட்டினார். இரண்டு பேரும் தலையை உள்ளே விட்டுக்கொண்டு வெகுநேரம் எதையோ பேசினார்கள். எனக்கு இரண்டு முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. நான் வெளியே ஒரு கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தேன்.