தப்பு அக்கா

இதய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி அறையில் அவளுக்கு ஒரே வேலைதான்: நோயாளிகளைப் பதற வைப்பது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு எதிரே உட்காருவார்கள். ஆயிரத்திலிருந்து ஏழேழாகக் கழித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிசகினால் அவள் முகத்தைச் சுளித்து, "தப்பு. முதல்லேருந்து" என்பாள். முன்னும் பின்னும் ரத்தம் எடுப்பார்கள். பதற்றத்தில் சுரக்கிற ஹார்மோன் ரத்தத்தை எவ்வளவு சீக்கிரம் உறைய வைக்கிறது என்று பார்க்கத்தான் இத்தனை கூத்தும். ஒன்பது வருஷமாக இதே பாட்டு. 'தப்பு அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்பாள். "விடுங்கம்மா, எங்க வீட்ல இதைவிட மோசம்" என்று அன்றைக்கு ஒருவர் சிரித்தார். அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

அவள் வீட்டிலோ நேர்மாறு. மூன்று வருஷத்துக்கு முன் கணவனுக்கு இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து அவள் குரலை உயர்த்தியதே இல்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாலும் சரி, விளக்கை அணைக்காமல் போனாலும் சரி, வாயே திறக்கமாட்டாள். திட்டலாம் என்று நினைத்தாலே சோதனைக் குழாயில் உறைகிற ரத்தம் கண்முன் வந்து நிற்கும். ஒரு காலத்தில் எலியும் பூனையுமாக இருந்தவர்கள்.

அன்று சாயங்காலம் துவைக்க எடுத்த அவன் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி இருந்தது. பாதி காலி. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டினால் ரத்தம் உறையும். திட்டாமல் விட்டால் அந்தப் புகையே உறைய வைக்கும். எப்படியும் இவனை இழந்துவிடுவோம் என்று பயந்தாள். அழக்கூட அலுப்பாக இருந்தது. பெட்டியை அவன் முன்னால் வைத்து, "என்னங்க இது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்பக்கூட நீ கத்தலை, பாரு. மூணு வருஷமா ஒரு வார்த்தை திட்டலை. இந்த ஆளு தேறமாட்டான், இருக்கற வரைக்கும் நிம்மதியா விடுங்கன்னு டாக்டர் உங்கிட்ட சொல்லிட்டார்னு நினைச்சேன். தினமும் அதே பயம். எப்படியும் போகப்போறோம், பிடிச்சாத்தான் என்னன்னு..."

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஆராய்ச்சி அறையில் பத்து நிமிஷம் செய்வதை, வீட்டில் வாயைத் திறக்காமலே மூன்று வருஷம் செய்திருக்கிறாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தாள். சிகரெட்டில் தொடங்கி, விளக்கு, ஈரத் துண்டு என்று ஒன்று விடாமல், அழுதுகொண்டே திட்டினாள். அவன் கை நெஞ்சுக்குப் போனது. சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

அவன் சட்டைப் பொத்தானைத்தான் கழற்றினான்.

"நிறுத்தாத" என்றான்.