முப்பத்தைந்து நாற்பதான காலை

நாலு பேர் முன்னால் பேசவே தயங்கும் நான், சரசக்காவைப் பற்றி எழுதுவதை அவருடன் வேலை பார்த்த நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை சூரமங்கலத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "நம்ம சரசம்மா தவறிட்டாங்களாமுங்க" என்றார் கல்லூரி பியூன். பஸ் வந்தது, நான் ஏறவில்லை.

நம் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் நான் புரோகிராம் எழுதுவேன். ராசிபுரத்து நெசவுக் குடும்பத்திலிருந்து வந்த அக்கா அதை, அந்தக் காலக் கம்ப்யூட்டர் படிக்கும் அட்டைகளில் துளையிட்டுத் தருவார். தேர்வு முடிவு அச்சிடுவதுதான் என் முதல் பெரிய வேலை. என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

முடிவுத் தாள்களைப் பலகையில் ஒட்டி அரை மணி ஆகியிருக்கும். கையிலிருந்த நகலைப் புரட்டிய அக்கா நிமிர்ந்தார். "ஏஞ்சாமி, மொதப் பக்கத்துல முப்பத்தஞ்சு வாங்குனவன் பாஸு. மூணாம் பக்கத்துல அதே முப்பத்தஞ்சு பெயிலா? மிஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

தாளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தேர்ச்சி மதிப்பெண் 35-ஐ ஒரு சப்ரூட்டீனுக்கு அனுப்பியிருந்தேன். செய்முறைப் பாடத்துக்குத் தேர்ச்சி 40; அது வந்தால் அந்தத் துணை நிரல் 35-ஐ 40 ஆக்கிக்கொள்ளும். எண்ணின் நகல்தான் போகிறது என்று நினைத்தேன். ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியோ அந்த எண் இருக்கும் இடத்தையே கொடுத்துவிட்டது. முதல் செய்முறைப் பாடத்துக்குப் பிறகு, நிரலில் 35 என்று நான் எழுதிய இடமெல்லாம் 40.

"மாதிரித் துண்டக் குடுக்காம, தறியில ஓடற பாவு நூலையே தூக்கிக் குடுத்துப்புட்டயா?" என்றார் அக்கா. வெளியே கூச்சல் ஏறிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"யாரு பண்ணுன வேலை இது?"

அக்கா எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"நாந்தானுங்க. அட்டைல மாத்தி அடிச்சுப்புட்டனுங்க."

நான் மறுக்கவில்லை. பொறுப்பாளர் போனபின் அக்கா என்னைப் பார்த்தார். "உங்கூட்டுலயே மொத டிகிரி நீ. புதுச்சத்திரம் போயி உங்கப்பாருகிட்ட என்னன்னு சொல்லுவ? அழுவாம திருத்தி எழுது சாமி."

35-ஐ வேறொரு பெயரில் படியெடுத்து, அந்தப் படியை அனுப்பும்படி திருத்தினேன். மாலைக்குள் சரியான தாள்கள் ஒட்டப்பட்டன. நான் நிரந்தரமானேன். அக்காவின் கோப்பில் 'கவனக்குறைவு' என்று ஏறியது. அதைக் காட்டியே அவருடைய பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டு முறையும் நான் வாய் திறக்கவில்லை.

அந்தத் திருத்தத்துக்காக அன்று அவர் துளையிட்டுத் தந்த அட்டை என் மேசையில் இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுவும், எதைக் கொடுக்கும் முன்னும் ஒருமுறை நின்று பார்க்கும் பழக்கமும்தான்.

அலுவலகத்தில் இருப்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். அவருடைய கோப்பில் அந்த வரியை அடித்துவிட்டு, என் கோப்பில் எழுதுங்கள்.