பேனாக்கா நீட்டிய கடைசி ட்ரே

நான் அந்த மருத்துவமனையை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு மணிக்கு விமானம். பகல் பதினொன்றரைக்கு மருத்துவமனையின் அடித்தளத்தில் நின்று பேனாக்காவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, ஆவியில் வைத்து மேலே அனுப்பும் அறை அது. ஜன்னல் கிடையாது. ஒவ்வொரு ட்ரேயின் மேலும் ஒரு சீட்டு: ட்ரே எண், உள்ளே எத்தனை கருவி, கட்டியவர் கையெழுத்து. இரண்டு வருடம் நான் கட்டினேன். ஒரு சீட்டில்கூட என் கையெழுத்து இல்லை. எல்லாவற்றிலும் அவள்தான் போட்டாள். கறுப்புக் கயிற்றில் கழுத்தோடு தொங்கும் அந்தப் பேனாவை அவள் யாரையும் தொட விட்டதில்லை. பெயரே அதனால் வந்ததுதான்.

வெளிநாட்டில் வேலை தருகிறவர்கள் கேட்டது ஒன்றைத்தான். நான் கட்டி, நானே கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டாவது காட்ட வேண்டும். இல்லையென்றால் கழுவும் தொட்டியிலிருந்துதான் ஆரம்பம்.

"ரெண்டு வருஷம் வலிச்சது என் கை, பேரு உங்களுக்கா? வெக்கமா இல்ல?"

"கத்தாத. மெஷின் பயந்துக்கும்."

"இதுக்குப் பேரு திருட்டு."

ட்ரேக்களைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி அண்ணன் வாசலில் நின்று, "பிளைட்டுக்கு நேரமாச்சும்மா. மிச்ச சண்டைய தபால்ல போட்டுக்கோ" என்றார்.

பேனாக்கா, காலையில் நான் கட்டிய ட்ரே ஒன்றை மேசையில் என் பக்கம் தள்ளினாள். கழுத்துக் கயிற்றைக் கழற்றி அதன் மேல் வைத்தாள்.

"இத முடிச்சுட்டுப் போ."

கடைசி நாளிலும் வேலை வாங்கப் பார்க்கிறாள்! "வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, வழியில் நின்ற வண்டியை ஓர் உதை விட்டு வெளியேறினேன்.

அவள் பத்தொன்பது வயதில் தரை துடைக்க வந்தவளாம். நான் சேர்ந்தபோது நாற்பத்தைந்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நின்றபடியே சாப்பிடுவாள். கண்ணை மூடி விரலாலேயே முப்பத்திரண்டு கருவியையும் எண்ணிவிடுவாள். மகள் போன் செய்தால், "சாப்ட்டியா? சாப்ட்டேல்ல? அப்பறம் எதுக்குக் கூப்ட்ட?" என்று வைத்துவிடுவாள். கட்டிய துணியின் மூலை ஒரு விரல் அளவு பிசகினாலும் முழு ட்ரேயையும் பிரிக்கச் சொல்வாள். ஏன் என்று கேட்டால், "காது கேக்கறதுக்கா, கம்மல் மாட்டறதுக்கா?" என்பாள். இரண்டு வருடத்தில் ஒரே ஒருமுறை "ம்" என்றாள். அதைப் பாராட்டு என்று வண்டி அண்ணன்தான் எனக்கு விளக்க வேண்டியிருந்தது.

சீட்டு இல்லாததால் முதல் நாட்டில் ஒன்றரை வருடம் தொட்டியில் கை ஊறக் கிடந்தேன். தினமும் அவளைத் திட்டினேன். இரண்டாவது நாட்டில் என் பக்கத்தில் ஒரு பெண் சேர்ந்தாள். முதல் நாளே கையெழுத்துப் போட விட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. மூன்றாவது வாரம் அவள் கட்டிய ட்ரேயில் ஓர் இடுக்கி குறைந்தது. சீட்டில் அவள் பெயர். மதியத்துக்குள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது நாட்டில் எனக்கும் பேனா கிடைத்தது. முதல் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் ட்ரேயைப் பிரித்து மறுபடி எண்ணினேன். கம்மல் பேச்சு காதில் விழுந்தது. அங்கேயும் அவளைத் திட்டினேன்.

ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தேன். புதிதாக வந்த இரண்டு பெண்களை என்னிடம் வேலை பழக விட்டார்கள். கூடவே ஒரு படிவம்: உங்களை வளர்த்தவர் யார், அவருக்கு ஐந்து வரியில் நன்றி எழுதுக. 'யாருமில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த வாரமே, கருவிகள் வந்து இறங்கும் வாசலில் வண்டி அண்ணனைப் பார்த்தேன். ஓய்வு பெற்று இங்கே பகுதி நேர வேலையாம். படிவக் கதையைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை.

"பேனாக்காவுக்கு மூணாவது நாளே கையெழுத்து போட விட்டாங்க. ஈரத்தோட ஒரு ட்ரே மேல போயிடுச்சு. திரும்ப ஆறு மாசம் தரை துடைச்சாங்க. அதுக்கப்பறம் கத்துக்க வந்த யாரையும் அவங்க போட விட்டதில்ல. உன் காலத்துல மட்டும் அவங்க பேருக்குப் பதினோரு மெமோ. எத்தன உன்னுதுன்னு நெனக்கிற?"

"எத்தன?"

"ஏழு. அந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு வேற ஆளுக்குப் போச்சு."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருந்தா? அதுக்கும் கத்திருப்ப."

கத்தியிருப்பேன்தான். இப்போதும் கோபம்தான். என் தப்புகளை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள இவள் யார்? ஏழு முறை தவறியது தெரியாமலே ஊர் ஊராகத் தலை நிமிர்ந்து திரிந்திருக்கிறேன். சொல்லாமல் செய்கிற நல்லதிலும் ஒரு திமிர் இருக்கிறது.

அண்ணனிடம் அவள் எண்ணை வாங்கிச் செய்தி அனுப்பினேன். "ஏழு மெமோவையும் எங்கிட்ட காட்டிருக்கணும். அதுக்கு நன்றி சொல்ல மாட்டேன். ஆனா இங்க ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. கையெழுத்து யாரு போடணும்?"

பதில் இல்லை. நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். இருவரின் ட்ரேக்களிலும் நான் கையெழுத்துப் போட்டேன். மெமோ வந்தால் கட்டியவளை நிற்க வைத்து உரக்கப் படித்துக் காட்டினேன். ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்த பெயர் என் காதுக்கும் வந்தது. இங்கே எழுதும்படி இல்லை. மூன்று மாதம் மெமோ இல்லாமல் போனால் பேனா என்று எனக்குள் ஒரு கணக்கு. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு மத்தியானம் போன் அதிர்ந்தது. ஒரு புகைப்படம். மஞ்சளித்துப்போன ஒரு சீட்டு. ட்ரே பதினான்கு, கருவி முப்பத்திரண்டு, அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதி. கையெழுத்துக் கோட்டின் மேல் ஒன்றுமில்லை. கீழே எழுதியிருந்தாள்:

"அன்னிக்குப் பேனாவக் கழட்டி வச்சேன். நீ பாக்கல. காதுதான் இல்லன்னு நெனச்சேன், கண்ணும் இல்ல. ட்ரேய வேற சீட்டு ஒட்டி அனுப்பிட்டேன். இது உன்னுது, காலியா கெடக்கு, வந்து போடு. அந்தப் பொண்ணுங்களுக்குப் பேனாவக் குடுக்கறப்ப சும்மா நீட்டாத. எதுக்குன்னு வாயத் தொறந்து சொல்லிட்டுக் குடு."