தனி டம்ளர்

சுருளிக்கு ஸ்பேனரைவிட வாய் நீளம் என்று மதுரை செல்லூரில் என்னைச் சொல்வார்கள். கோபமும் எனக்கு மூக்கின் மேல்தான். எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி கிளாஸ். அது பொறுக்காமல்தான் மதுரைக்கு ஓடிவந்து ஏசி ரிப்பேர் கற்றுக்கொண்டேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம், சித்திரை மாசம். தல்லாகுளத்தில் ரெங்கம்மாள் என்ற அம்மாவின் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் ரிட்டையரானவர், படுத்த படுக்கை. அவர் அறை ஏசி நின்று இரண்டு நாளாகியிருந்தது. கழற்றிப் பார்த்தால் ஒன்றுமில்லை, கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போயிருந்தது. சின்ன டப்பா, மாற்றப் பத்து நிமிஷம்.

"எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார் அந்த அம்மா. சொன்னேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அலமாரியில் வரிசையாக எவர்சில்வர் டம்ளர்கள். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பரணில் தேடி, எனக்கென்று ஒரு பித்தளை டம்ளரை எடுத்துக் கழுவினார். அட, இங்கேயுமா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீரைத் தொடவில்லை.

"கம்ப்ரசரே போச்சும்மா. ரிப்பேர் பாத்துப் பிரயோசனமில்ல, புதுசுதான் வாங்கணும்."

"புதுசா? அதுக்கு எங்க போவேன் தம்பி!"

பென்ஷனில் ஓடும் வீடு என்று எனக்குத் தெரியும். கிடந்து வேகட்டும் என்று சைக்கிளை மிதித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

பன்னிரண்டாம் நாள் மறுபடி ஆள் வந்தது. போனேன். அறையில் கட்டிலைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"அவுக போயிட்டாக தம்பி. குளுந்த காத்து, குளுந்த காத்துன்னே கேட்டாக. நானும் எம்புட்டு நேரந்தான் விசிறுவேன்? இந்த மிஷின நீங்களே எடுத்துக்கங்க."

தண்ணீர் கொண்டுவந்தார். அதே பித்தளை டம்ளர்.

"அவுகளுக்கு டிபி. வெளிய தெரிஞ்சா ஒருத்தரும் வீட்டுப்படி ஏற மாட்டாகன்னு மறைச்சேன். அதான் அன்னைக்கும் உங்களுக்கு இதுல கொடுத்தேன். என் கல்யாணச் சீர்ல வந்தது, இந்த வீட்டுல யாரும் வாய் வைக்காதது."

ஐயோ! ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

வாடகைக்குத் தள்ளுவண்டி பிடித்து மிஷினை ஏற்றும்போது வாசல் வரை வந்தார். "வேற ஆளுன்னா ரிப்பேர் பாக்குறேன்னு ஏமாத்தியிருப்பான். நீங்க ஒருத்தர்தான் உள்ளதச் சொன்னீங்க."

இல்லை அம்மா, பொய் சொன்னேன் என்று சொல்லிவிடத்தான் திரும்பினேன். பாவி எனக்கு வாயே வரவில்லை. கும்பிட்டுவிட்டு வண்டியைத் தள்ளினேன்.